யாருக்கு இந்தச் சிக்கன உபதேசம்?

டிசம்பர் 14 வந்தால் போதும். எரிசக்தி சேமிப்பு தினம் என்று பள்ளிக்கூடங்களில் ஓவியப் போட்டி, உறுதிமொழி, ஊர்வலம்! "விளக்கை அணை, விசிறியை நிறுத்து, பூமியைக் காப்பாற்று" என்று அட்டையில் எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

திண்டுக்கல் வீதியில் அப்படியோர் ஊர்வலத்தை நாம் பார்த்தோம். அட்டை பிடித்து வந்த ஒரு சிறுமியை நமக்குத் தெரியும். தகப்பனார் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி, தாயார் பூக்கட்டுகிறவர். வீட்டில் இரண்டு விளக்கு, ஒரு விசிறி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற இலவச வரம்பை அந்த வீடு தாண்டுவதே அபூர்வம். அவள் எதை அணைக்க வேண்டும் என்கிறார்கள் இந்தக் கனவான்கள்?

சிக்கனம் நம் பிள்ளைகளுக்குப் புதுப் பாடமும் அல்ல. 2012ஆம் ஆண்டு மின்வெட்டை அதற்குள் மறந்துவிட்டார்களா? சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம். நம்மைப் போன்ற வெளி மாவட்டங்களுக்கோ பத்து மணி நேரத்துக்கும் மேல்! அன்று மண்ணெண்ணெய் விளக்கில் பரீட்சைக்குப் படித்தவர்கள்தான் இன்று இந்த ஊரின் தாய் தகப்பன்மார்.

"உன் கார்பன் தடம் எவ்வளவு?" என்று பிள்ளைகளைக் கேட்கிறார்களே, அந்தப் பேச்சை உலகெங்கும் பரப்பியது யார் தெரியுமா? பி.பி. என்னும் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனி! தனிமனிதன் தன் தடத்தைத் தானே கணக்குப் பார்த்துக்கொள்ள 2004இல் ஒரு கணக்கீட்டு முறையை அது வெளியிட்டது. எண்ணெயைத் தோண்டி விற்றுக் கொள்ளை லாபம் அடிப்பவன், வாங்கி எரிப்பவன் தலையில் குற்றத்தைக் கட்டினான். அமெரிக்க எக்ஸான் கம்பெனிக்கோ அதன் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977இலேயே ஆபத்தை எடுத்துச் சொல்லிவிட்டார். கம்பெனி என்ன செய்தது? பின்னால் ஊரார் மனதில் சந்தேகத்தைக் கிளப்பப் பணத்தைக் கொட்டியது. 2019இல் உலகின் பணக்கார 1 சதவீதத்தினர் வெளியிட்ட கரியமில வாயு, ஏழைகளான 66 சதவீத மக்கள் வெளியிட்டதற்குச் சமம் என்கிறது ஆக்ஸ்பாம் ஸ்தாபனம். இது எந்த ஓவியப் போட்டியில் வருகிறது?

மத்திய சர்க்காரின் யோக்கியதையைப் பாருங்கள். சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி 2022இல் என்.சி.இ.ஆர்.டி. கத்தரியை எடுத்தது. 11ஆம் வகுப்புப் புவியியலில் பசுமை இல்ல விளைவு பற்றிய பகுதி போயிற்று. 10ஆம் வகுப்பு அறிவியலில் எரிசக்தி மூலங்கள் என்ற அத்தியாயமே போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் குஜராத்தின் கேவடியாவில் மேடை போட்டு, "வாழ்க்கை முறையை மாற்றுங்கள்" என்று 'லைஃப்' இயக்கத்தைத் தொடங்கினார் பிரதமர். காரணத்தைப் புத்தகத்திலிருந்து கிழித்துவிட்டுக் கடமையை மட்டும் போதிக்கிறார்கள். நம் மாநிலப் பாடநூல்களுக்கு அந்தக் கத்தரி எட்டாது என்பது ஒரு ஆறுதல்.

அப்படியானால் இந்தப் பாடமே வேண்டாம் என்கிறோமா? இல்லை. "இதெல்லாம் பணக்கார நாட்டு விவகாரம்" என்று நம் தோழர்களிலேயே சிலர் ஒதுக்குகிறார்கள். அது தவறு. நாமும் வெகுகாலம் அப்படித்தான் பேசி வந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். வெயில் ஏறினால் முதலில் சுருண்டு விழுகிறவன் சித்தாள் வேலைக்காரன். குடகனாறு வறண்டால் முதலில் வேலை போகிறவன் விவசாயக் கூலி. அவர்கள் பிள்ளைகளுக்கு விஷயம் முழுசாகத் தெரிய வேண்டும். நிலக்கரி எரிந்து மின்சாரம் எப்படி வருகிறது, எழும் வாயு வெப்பத்தை எப்படிப் பிடித்து வைக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். வீட்டு மீட்டரைப் பார்த்து எழுதி வரச் சொல்லுங்கள். அதையே குளிரூட்டிய பங்களாவின் கணக்கோடும் வணிக மாளிகையின் கணக்கோடும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

அந்தச் சிறுமியின் வகுப்பறைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயிலில் அதன் கீழே உட்கார்ந்துகொண்டு விசிறியை நிறுத்துவதாக உறுதிமொழி எடுக்கச் சொல்கிறார்கள்! அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர்களான தோழர்கள் தவறாமல் போக வேண்டும். கூரையை மாற்றச் சொல்லித் தீர்மானம் கொடுக்க வேண்டும். பாடத்தையும் முழுசாக நடத்தச் சொல்லிக் கேட்க வேண்டும்.