கொட்டகை காணாத ராமர்

ராமாயணத்தைச் சித்திரப் படமாக எடுக்கப் போவதாக ஒரு ஜப்பானியர் கிளம்பியபோது, நம்மவர் சிலர் முகம் சுளித்தார்கள். யூகோ ஸாகோ அசரவில்லை. ராமர் தெய்வமாயிற்றே, அவருக்கு மனித நடிகர் பொருந்தார், சித்திரமே பொருந்தும் என்பது அவர் கட்சி. நமது ராம் மோகனும் ஜப்பானியரான கோயிச்சி ஸஸாகியும் உடன் நின்று இயக்க, அசைவு அசைவாகக் கையினாலேயே தீட்டி 1992-இல் முடித்தார்கள். அந்த டிசம்பரில்தான் அயோத்தியில் மசூதி இடிபட்டுத் தேசமே கொந்தளித்தது. 1993-இல் டில்லிப் படவிழாவில் காட்டியதோடு சரி. நம் கொட்டகைகள் அதைப் பெரும்பாலும் காணவேயில்லை.

காப்பாற்றியவை வீடுகள். தொலைக்காட்சியில் வந்தது, பிறகு ஸி.டி.யாகவும் வந்தது. கொருக்குப்பேட்டை நண்பர் ஒருவர் பெட்டியடியில் கிடந்த அத்தகைய தட்டு ஒன்றைத் தேடியெடுத்து, சரக்கு ரயிலின் இரைச்சலுக்கு நடுவே சென்ற மாதம் போட்டுக் காட்டினார். பேச்செல்லாம் இங்கிலீஷ். அடுத்த வீட்டுப் பாட்டியம்மாளுக்கு அதனால் யாதொரு நஷ்டமும் இல்லை. கும்பகர்ணன் புரளுமுன்பே, "பாருடா, இப்போ எழுந்திருப்பான்!" என்று பேரனுக்கு அறிவித்துவிட்டார்.

ராமருடைய விழிகள் சற்றே ஜப்பானிய விழிகள்தாம். இருக்கட்டுமே! வன்ராஜ் பாட்டியாவின் இசையில் ஸம்ஸ்கிருதப் பாடல்கள் எழும்போது அது நினைவிலேயே நிற்பதில்லை. தட்டிலிருந்த கீறலால் ஸேதுபந்தனத்தில் பாதி தாவிப் போயிற்று, அதுதான் குறை.

2025 ஜனவரி 24-இல், புதுப்பித்த பிரதியாகத் தமிழ்க் குரலுடன் அப்படம் கொட்டகைக்கு வந்தது. ஸாகோ 2012-இலும், ராம் மோகன் 2019-இலும் காலமாகியிருந்தனர்.