இலாசரை யார் அடக்கம் செய்தது?

தவக்காலம் வந்தால் எங்கட வட்ஸ்அப்பிலும் தவக்காலம்தான். விடியவே அன்றைய வாசகம் வந்து விழும்: பின்னால சூரிய உதயம், முன்னால ஒரு வரி. வாழைச்சேனையில் பஸ் ஏறினால் வந்தாறுமூலை வாறதுக்குள்ள இருபது பேரின் ஸ்டேட்டஸ் பார்த்துவிடலாம். நல்ல பழக்கம்தான். ஆனால் முழு வாசகம் இருக்க ஏன் அந்த ஒரு வரி மட்டும் வருகுது? அதுவும் எப்பவும் ஆறுதலான வரியாகவே ஏன் இருக்குது?

சாதாரண காலத்து வார நாட்களில் முதல் வாசகம் இரண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் திரும்பி வரும். தவக்காலத்தில் அப்படியில்லை. கிழமை நாட்களுக்கு வருசாவருசம் அதே வாசகங்கள்தான். திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி எசாயா 58: நுகத்தை உடைப்பதும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதுமே நோன்பு என்கிறது. முதல் வாரத் திங்கள் லேவியர் 19: கூலியாளின் கூலியை விடியுமட்டும் வைத்திருக்கக்கூடாது என்கிறது. நுண்கடன் காசு வாங்கக் கிழமைக்கொருக்கா வாசலுக்கு ஆள் வாற எங்கட பக்கத்தில், இந்த இரண்டையும் ஸ்டேட்டஸில் போட்ட ஒருவரையும் நாங்கள் இதுவரை காணவில்லை.

இதை எழுத வைத்தது இரண்டாம் வாரத்து வியாழனும் வெள்ளியும். வியாழன் லூக்கா 16, செல்வரும் இலாசரும். வெள்ளி தொடக்கநூல் 37, யோசேப்பைக் கூடப்பிறந்தவர்களே குழிக்குள் தள்ளுவது. 2021இல் அவை மார்ச் 4, மார்ச் 5 ஆகிய திகதிகளில் வந்தன.

அந்தக் கிழமை என்ன நடந்தது? கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசு 2020 ஏப்ரலில் சட்டம் போட்டது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்கள் 2020 டிசம்பர் 1ஆம் திகதி தள்ளுபடியாகின. அதே மாதம் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையையும் எரித்தார்கள். கடைசியில் 2021 பெப்ரவரி முடிவில்தான் அடக்கம் செய்ய அனுமதி வந்தது.

எங்கே அடக்கம் செய்வது? அரசு முதலில் காட்டிய இடம் கிளிநொச்சி மாவட்டத்து இரணைதீவு. அது கத்தோலிக்க மீனவர்களின் தீவு. 1992இல் வெளியேற்றப்பட்டு, கடற்படையிடம் இருந்து கேட்டுக் கேட்டு, 2018இல்தான் அவர்கள் திரும்பிக் கால் வைத்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அறிவித்தார்கள். சனம் எதிர்த்தது, குருமாரும் கூட நின்றார்கள். தவக்காலத்தில் கத்தோலிக்கர் அடக்கத்தை எதிர்க்கிறார்கள் என்று வெளியில இருந்து பார்த்தால் வெட்கமாகத் தெரியும். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. நிலத்தை ஒருக்கா இழந்தவனுக்குத்தான் அந்தப் பயம் விளங்கும். நொந்த ஒரு சனத்தை நொந்த இன்னொரு சனத்துக்கு முன்னால கொண்டுபோய் நிறுத்தினது அரசு.

மறுகா இடம் குடுத்தது எங்கட பக்கத்து ஊர், ஓட்டமாவடி. சூடுபத்தினசேனை, மஜ்மா நகர். மார்ச் 5, வெள்ளி, முதல் அடக்கங்கள் நடந்தன. அடுத்த ஒரு வருசத்துக்குள் நாடு முழுக்க இருந்து 3,600க்கும் மேற்பட்டவர்களை அங்கே கொண்டுவந்தார்கள். பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள். ஆனால் பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர்களும் அதே மண்ணில்தான் கிடக்கிறார்கள்.

இப்போது அந்த வியாழன் வாசகத்தை ஒருக்கா முழுதாக வாசியுங்கள். செல்வர் இறந்து அடக்கம் செய்யப்பட்டார் என்று லூக்கா சொல்கிறார். இலாசரைப் பற்றி அந்தச் சொல் இல்லை. வானதூதர்கள் கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். அவரின் உடலுக்கு என்ன நடந்தது, யார் தூக்கினார்கள், ஒன்றும் இல்லை. செல்வர் இலாசரை அடித்ததாகவோ விரட்டியதாகவோகூடக் கதையில் இல்லை. வாசலில் கிடந்தவரைக் கண்டுகொள்ளவில்லை. அடுத்த நாள் வாசகம் இன்னும் மோசம். யோசேப்பைக் குழியில் போட்டுவிட்டு அண்ணன்மார் சாப்பிட உட்காருகிறார்கள். அந்த வரியை ஒருதரும் படமாக்கிப் போடமாட்டார்கள்.

“2019 ஏப்ரல் 21ஐ மறந்திட்டீங்களா?” என்று சிலர் கேட்பார்கள். மறக்கவில்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்ததில் பிள்ளைகள் எத்தனை பேர்! அதைச் சொல்லாமல் இதைக் கதைக்க ஏலாது. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலாக மூன்றாம் வாரச் செவ்வாயின் வாசகத்தை, எழுபது தடவை ஏழு தடவை மன்னிக்கச் சொல்லும் மத்தேயு 18ஐ, முஸ்லிம்களைப் பார்த்து வாசிப்பவர்களோடும் எங்களுக்கு உடன்பாடில்லை. பெருந்தன்மை மாதிரித் தெரியும், அடியில இருப்பது குற்றச்சாட்டு. ஓட்டமாவடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறவர் எங்களிடம் மன்னிப்பு வாங்க வேண்டிய ஆள் இல்லை. அவர் ஒன்றும் செய்யவில்லை. கட்டாய எரிப்புக்கு மன்னிப்புக் கேட்க வேண்டிய அரசுக்கோ 2024 ஜூலைதான் அமைச்சரவையில் அந்த முடிவெடுக்க நேரம் கிடைத்தது.

எரிப்பை எதிர்த்துக் கொழும்பில் மனுப் போட்டவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் இந்த வாசகங்களை எந்த ஸ்டேட்டஸில் வாசித்தார்களோ தெரியாது, முழுதாக வாசித்திருக்கிறார்கள்.

இந்த வருசம், 2026இல், தவக்காலமும் ரமழானும் ஒரு நாள் முன்பின்னாகத் தொடங்கிச் சேர்ந்தே போகுது. இலாசர் வாசகம் வாற வியாழன், மார்ச் 5. மஜ்மா நகரில் முதல் குழி வெட்டி அன்றோடு சரியாக ஐந்து வருசம். பள்ளிவாசல்காரரிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால், அன்று பின்னேரம் நோன்பு திறக்கிறதுக்கு முன்னம் அங்கே போய் நிற்கலாம் என்று யோசிக்கிறம். பாட்டு, பிரசங்கம் ஒன்றும் வேண்டாம். லூக்கா 16, 19 தொடக்கம் 31 வரை, பதின்மூன்று வசனம். வாசிக்க ஐந்து நிமிசம் காணும். வாறவங்க முதல் நாளே சொல்லுங்க, வான் பிடிக்க வேணும்.