மதிப்பெண் போடுகிறவர் யார்?

சென்ற மாதம் ஓர் இளம் தோழர் கேட்டார்: "அண்ணே, சினிமாப் பாட்டத் தாண்டி ஆல்பமா கேக்கலாம்னு இருக்கேன். எந்த சைட்டோட ரேட்டிங்க நம்பலாம்?" எதையும் நம்பாதே என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். அது அவசரத்தில் சொன்ன பதில். விரிவாகச் சொல்ல வேண்டிய கடன் இருக்கிறது.

பிட்ச்ஃபோர்க் என்று ஓர் அமெரிக்க இணையதளம். பூஜ்யத்திலிருந்து பத்து வரை, அதுவும் புள்ளி வைத்து, ஆல்பங்களுக்கு மதிப்பெண் போடும். டாஃப்ட் பங்க் குழுவின் 'டிஸ்கவரி'க்கு 2001இல் 6.4 கொடுத்தது. 2021இல் அதே தளம் தன் பழைய மதிப்பெண்களில் 19ஐ எடுத்துத் திருத்தியது. அப்போது அதே ஆல்பத்துக்குப் பத்துக்குப் பத்து. இடையில் பாட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. தவறை ஒப்புக்கொண்ட நேர்மையைப் பாராட்டலாம். ஆனால் அந்தப் புள்ளி நான்கு எந்தத் தராசில் நிறுத்து வந்தது என்று யாராவது கேட்டார்களா?

அதைவிடப் பெரிய பாடம் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் இருக்கிறது. எக்காலத்துக்கும் சிறந்த 500 ஆல்பங்கள் என்று 2003இல் ஒரு பட்டியல் போட்டார்கள். முதல் பத்தில் ஒரே ஒரு கறுப்பர், மார்வின் கே. அவருக்கு ஆறாவது இடம். மற்ற ஒன்பதும் வெள்ளை ஆண்களின் ஆல்பங்கள், அதிலும் நான்கு பீட்டில்ஸ். பெண் ஒருவர்கூட இல்லை. 2020இல் வேறு ஆட்களைக் கூட்டிப் புதிதாக வாக்கெடுத்தார்கள். 1971இல் வெளிவந்த அதே மார்வின் கே ஆல்பம் முதலிடத்துக்கு வந்தது. ஸ்டீவி வொண்டர், பிரின்ஸ், லாரின் ஹில் ஆகியோரும் முதல் பத்துக்குள் வந்தார்கள். இந்த நான்கு கறுப்பர்களின் ஆல்பங்களும் 2003க்கு முன்பே வந்தவை, கடைகளில் கிடைத்தவை, லட்சக்கணக்கானோர் கேட்டவை. பாட்டு அங்கேயேதான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் மாறினார்கள்.

இது தற்செயல் என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பத்திரிகையின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வென்னரே பதில் சொல்லிவிட்டார். ராக் இசையின் மேதைகள் என்று ஏழு வெள்ளை ஆண்களின் நேர்காணல்களைத் தொகுத்து 2023இல் ஒரு புத்தகம் போட்டார். கறுப்பர்களும் பெண்களும் எங்கே என்று கேட்டபோது, அந்த அறிவுத்தளத்தில் பேசக்கூடியவர்களாக அவர்கள் இல்லை என்ற பொருளில் பேசினார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அறக்கட்டளையின் நிர்வாகக் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். நீக்கியது சரி. ஆனால் ராக் இசையில் எது உயர்ந்தது என்று 1967 முதல் உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஆசிரியர் மேசை அவருடையது.

'தகுதி' என்ற சொல்லை எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? இருக்கத்தான் செய்யும்.

அதே பத்திரிகையின் இந்தியப் பதிப்பு 2021 ஆகஸ்டில் 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' பாடல்களின் வெற்றியைக் கொண்டாடி ஓர் அட்டைப்படம் வெளியிட்டது. தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் அதில் இருந்தார்கள். இரண்டு பாடல்களிலும் எழுத்தாளராக இருந்த, முதல் பாடலைச் சேர்ந்து பாடியும் இருந்த அறிவு இல்லை. பா. இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்து, நம்மவர்கள் சமூக வலைத்தளங்களில் குரல் எழுப்பிய பிறகு அறிவுக்குத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. பந்தி முடிந்த பிறகு தனி இலை போட்ட கதை.

நம் ஊர் விமர்சகர்கள் சளைத்தவர்களா? கல்கி 'கர்நாடகம்' என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய காலத்திலிருந்து கச்சேரி விமர்சனம் நமக்குப் புதிதல்ல. டிசம்பர் சீசனில் பைரவி எப்படி, தனி ஆவர்த்தனம் எத்தனை நிமிடம், சபா கேன்டீன் போண்டா என்ன பதம் என்று பத்தி பத்தியாக வரும். மிருதங்கத்தின் நாதத்தைப் புகழ்வார்கள். அந்தத் தோலைப் பதம் பார்த்து மூட்டியவர்களின் பெயர் வராது. அவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூலை வெளியிடக் கொடுத்திருந்த அனுமதியை 2020இல் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றது.

சினிமாப் பாட்டுக்கு நட்சத்திரம் போடும் தளங்கள் நவீனமானவை என்கிறீர்களா? மெலடிக்கு நான்கு வரி, என்ன ராகம் என்று ஓர் ஊகம். பறையும் கானாவும் வந்தால் ஒரே வரி: 'பி, சி சென்டர் ரசிகர்களுக்கு.' இந்த சி சென்டர் எந்தத் தெருவில் இருக்கிறது என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. மதிப்பெண் போட முதலில் ஓர் 'ஆல்பம்' வேண்டும். வெளியீட்டுத் தேதி, நிறுவனத்தின் பெயர், அட்டைப்படம் வேண்டும். வட சென்னையில் ஒரு சாவு வீட்டில், செத்தவரின் பெயரையும் வாழ்க்கையையும் சேர்த்து விடிய விடியப் பாடப்படும் மரண கானாவுக்கு இதில் எது இருக்கிறது? மறுநாள் அந்தப் பாட்டு அப்படியே திரும்ப வராது. அதற்குக் குறைந்த மதிப்பெண் கிடைத்தது என்று நான் புகார் சொல்லவில்லை. அதற்குப் பக்கமே கிடையாது. தேர்வு எழுத உள்ளே விடாத மாணவருக்கு ஏது மார்க்?

பிறகு நாங்கள் எப்படித்தான் பாட்டைக் கண்டுபிடித்தோம்? எங்கள் தெருவில் ஒரு சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஓர் ஆம்ப்ளிஃபையர், தகரப் பெட்டி நிறைய கேசட். மஞ்சள் நீராட்டுக்கு என்ன, தேர்தல் கூட்டத்துக்கு முன் என்ன, பிணம் எடுக்கும் வரை என்ன என்று அவருக்குத் தெரியும். புதுப் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நின்று சனங்களின் முகத்தைப் பார்ப்பார். எடுபடவில்லை என்றால் பாதியில் நிறுத்தி வேறு கேசட் போடுவார். "சினிமாக்காரன் தாளம் வேற, நம்ம ஆளுங்க அடிக்கிற அடி வேற, கேளுடா" என்று அவர் சொல்லித்தான் பறையின் அடிகளைப் பிரித்துக் கேட்கப் பழகினேன். விமர்சகர் என்று நான் மனதார ஒப்புக்கொள்ளும் முதல் ஆள் அவர்தான். எந்தப் பாட்டுக்கும் அவர் மார்க் போட்டதில்லை.

விமர்சகனை ஒழித்தால் அல்காரிதம் வந்து உட்காரும், விளம்பரக் காசு முடிவு செய்யும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மை. அதனால்தான் 2024 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்கை அதன் முதலாளி நிறுவனம் ஜி.க்யூ என்ற ஆண்கள் இதழோடு இணைத்து ஆட்களை வெளியே அனுப்பியபோது நான் கைதட்டவில்லை. எனக்குத் தெரியாத பல இசைக்குழுக்களை அந்தத் தளத்தின் எழுத்துதான் காட்டியது. பயன்பட்டது எழுத்து. தலையில் நின்ற எண் அல்ல. ஒருவர் தான் எங்கே நின்று கேட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதினால், அவரோடு முரண்பட்டுக்கொண்டே ஒரு பாட்டைக் கண்டடையலாம். 7.8 என்ற எண்ணோடு என்ன சண்டை போடுவது?

இனி நம் பக்கம் வருகிறேன், தோழர்களுக்குக் கசக்கும். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியது. அயோத்திதாசர் வழி வந்த பெயர். பறையும் சட்டியும் கட்டமோளமும் கிட்டாரும் ஒரே மேடையில். பத்திரிகைகள் அதை அரசியல் செய்தியாக எழுதின. நாமும் அப்படித்தான் எழுதினோம். கிட்டார் எங்கே பறைக்கு வழிவிட்டது, எங்கே அதை மூடியது, கானாவின் இழுப்பு ராப்போடு எங்கே ஒட்டியது, எங்கே ஒட்டவில்லை என்று நம் தளங்களில் ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. அடுத்த ஆண்டு அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' கொண்டுவந்தபோதும் வரிகளைப் பகிர்ந்தோம், இசையைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்காமலே போடும் நூற்றுக்கு நூறும் ஒரு புறக்கணிப்புதான். 'கருத்து நல்லா இருக்கு' என்று ஒரு கலைஞனிடம் சொன்னால், அவன் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து அடித்த தாளத்தை நீ கேட்கவில்லை என்று அர்த்தம்.

ஆகவே இந்தத் தளத்தின் ஆசிரியர் குழுவுக்கு ஒரு கோரிக்கை. மாதம் ஒரு இசை விமர்சனம் போடுங்கள். நட்சத்திரம் வேண்டாம். யார் வாசித்தது, எங்கே பதிவானது, எழுதுகிறவர் எங்கே கேட்டார் என்பது கட்டாயம் இருக்கட்டும். முதல் கட்டுரைக்கு 'தெருக்குரலை' நான் எடுத்துக்கொள்கிறேன், இந்த வாரம் இரண்டு முறை முழுதாகக் கேட்டாயிற்று. இரண்டு பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று எழுதுவேன், கோபம் வருகிற தோழர்கள் பதில் கட்டுரை அனுப்பட்டும்.