காலையில் வரும் கோபம்

குழந்தைகளே, முதல் பாடவேளையில் பக்கத்தில் இருப்பவனின் முழங்கை பட்டாலே சுள்ளென்று கோபம் வந்திருக்கிறதா? அன்று காலை என்ன சாப்பிட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

நான் ஆசிரியராக இருந்தபோது மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். இறைவணக்கம் முடிந்து உட்கார்ந்ததுமே யாரையாவது கிள்ளுவான், சிலேட்டைப் பிடுங்குவான். மதிய உணவுக்குப் பிறகோ அவனைப் போல நல்ல பிள்ளை கிடையாது! 'முரடன்' என்று நானே அவனைத் திட்டியிருக்கிறேன். பல நாட்கள், முந்தின நாள் மதியம் பள்ளியில் சாப்பிட்டதுதான் அவனுக்குக் கடைசிச் சாப்பாடு என்பது பிறகுதான் தெரிந்தது. அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார்.

உடலின் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. வயிறு வெகுநேரம் காலியாக இருந்து, ரத்தத்தில் சர்க்கரை குறைந்தால், உடல் 'அட்ரினலின்' என்ற நீரைச் சுரக்கிறது. பாம்பைக் கண்டால் சுரக்குமே, அதேதான்! நெஞ்சு படபடக்கும், எரிச்சல் வரும். எதிரே பாம்பு இல்லை. பாவம், பக்கத்தில் இருக்கும் நண்பன் மாட்டிக்கொள்கிறான்.

தமிழகத்தில் மதிய உணவு காமராஜர் காலத்திலேயே வந்துவிட்டது. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள்; 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. உப்புமா, பொங்கல், கிச்சடி, சாம்பார்... 'வீட்டில் கொடுக்க முடியாதா?' என்று கேட்பவர்கள், விடியும் முன் வேலைக்குக் கிளம்பும் தாய்மார்களைப் பார்க்கவில்லை என்பேன்.

பசிக்கு உப்புமா உண்டு. தூக்கத்துக்கு? சரியாகத் தூங்காதபோது, கோபத்தை அடக்கும் மூளையின் முன்பகுதி சோர்ந்துவிடுகிறது. 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 வயதுக்கு மேல் 8 முதல் 10 மணி நேரமும் தூங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் கணக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் இரவில் தூக்கம் வருவதே தள்ளிப்போகும். அது சோம்பல் அல்ல. வளரும் உடலின் இயல்பு.

இதை ஏற்றுத்தான் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019ல் ஒரு சட்டம் போட்டது. 2022 ஜூலை முதல் அங்கே, சில கிராமப் பள்ளிகள் தவிர, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது. வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது தொல்லை என்ற எதிர்ப்பும் இருந்தது. அதிலும் நியாயம் உண்டு.

நம் ஊரில் காலை 7 மணிக்கே சிறப்பு வகுப்புக்குப் போகும் அக்கா, அண்ணன்மார் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? அவர்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறார்கள், எத்தனை மணிக்கு எழுகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து, கழித்துப் பாருங்கள். அந்தத் தாளை அம்மா, அப்பாவிடமும் காட்டுங்கள்.