தயக்கம் யாருடையது?

அண்மையில் ஒரு கருத்தரங்கில் ‘தடுப்பூசித் தயக்கம்’ பற்றிய உரை ஒன்றைக் கேட்டேன். ஒரு மணி நேரமும் தயங்கியவர்கள் மக்களே: சேரிவாழ் தாய்மார்கள், பழங்குடியினர், சிறுபான்மையினர். அரசு ஓரிடத்திலும் தயங்கவில்லை. மொழியியல் பயின்ற எனக்கு இந்த வாக்கிய அமைப்பே உறுத்தியது. ‘மக்கள் தயங்குகிறார்கள்’ என்பதற்கு எழுவாய் உண்டு. ‘தகவல் தரப்படவில்லை’ என்பதில் தராதவர் யார் என்பது செயப்பாட்டுவினைக்குள் மறைந்துவிடுகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். தடுப்பூசிகள் உயிர் காப்பவை. அவற்றைப் பற்றிய பொய்கள் உயிர் பறிப்பவை. 2022 இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவியபோது இறந்தவர்கள் குழந்தைகள். இதில் எனக்கு எவ்வித ஐயமும் இல்லை. என் வினா வேறு: பொய் ஏன் எடுபடுகிறது?

உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் போலியோ சொட்டு மருந்து மலடாக்கிவிடும் என்ற வதந்தி பல்லாண்டு நிலவியது. வதந்தி பொய், அதற்கு வேராக இருந்த நினைவு பொய்யன்று. நெருக்கடிநிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடையை அம்மக்கள் மறந்திருக்கவில்லை. சாக்கடையும் மருத்துவமனையும் இல்லாத தெருவுக்குச் சொட்டு மருந்து மட்டும் மீண்டும் மீண்டும் வந்தபோது அவர்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. அந்த ஐயத்தைக் கரைத்தது ஏளனம் அன்று. வீடு வீடாகச் சென்று பேசிய உள்ளூர்ப் பெண்களும், துணைநின்ற இமாம்களும், அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்களும் அதைக் கரைத்தனர். 2011 ஜனவரி 13-இல் ஹவுராவில் கண்டறியப்பட்டதே இயற்கைப் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட நாட்டின் கடைசி நோயாளி.

கம்மம் மாவட்டத்தை நினைவுகூருங்கள். 2009-இல் அங்குப் பழங்குடிச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத் திட்டமாகப் போடப்பட்டது. பின்னர் நிகழ்ந்த சில மரணங்களுக்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணைக் குழு கருதியது. ஆனால் பெற்றோர் கையொப்பமிட வேண்டிய ஒப்புதல் படிவங்கள் பலவற்றில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தனர். 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு இத்திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. கேளாமலே பெறப்பட்ட சம்மதத்தை எந்த அகராதியில் சம்மதம் என்பது?

2021 ஏப்ரலில் நடிகர் விவேக் தடுப்பூசி போட்டுக்கொண்ட இரண்டாம் நாள் மாரடைப்பால் இறந்தார். தொடர்பில்லை என்று மருத்துவர்கள் உடனே கூறினர். ஆயினும் தேசியக் குழுவின் ஆய்வு முடிவு வெளிவந்தது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களையும் வாட்ஸ்அப் எடுத்துக்கொண்டது. மெய் ஆமை நடை போட்டால் பொய்க்கு முயல் வேகம்கூடத் தேவையில்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் பதஞ்சலியின் ‘கொரோனில்’ விழா மேடையில் அமர்ந்திருந்தவர் நாட்டின் சுகாதார அமைச்சர். எந்தப் பாரம்பரிய மருந்தின் பயனையும் தான் ஆராய்ந்து சான்றளிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் விளக்கமளிக்க நேர்ந்தது. அம்மேடையில் இருந்தவர்களை எந்தக் கருத்தரங்கும் ‘தவறான தகவலுக்கு இரையானோர்’ என வகைப்படுத்தவில்லை.

நம் பக்கத்து நண்பர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மறுப்பையெல்லாம் ‘எதிர்ப்பரசியல்’ என்று கொண்டாடும் கட்டுரைகளை எழுதுவோர், தம் குழந்தைகளுக்கு அட்டவணை தவறாமல் ஊசி போடுகிறவர்கள். அந்தக் கொண்டாட்டத்தின் விலையைக் கொடுப்பது கோவண்டி. மக்களின் ஐயத்தைப் புரிந்துகொள்வது வேறு, அதைப் போற்றுவது வேறு.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், எவரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட இயலாது என்றது. அரசின் தடுப்பூசிக் கொள்கை நியாயமற்றதன்று என்றும், பக்கவிளைவுத் தரவுகளைத் தாமதமின்றி வெளியிட வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கூறியது. இம்மூன்றும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. நம்பிக்கை வேண்டுமெனில் ஒப்புதல் படிவம் அவரவர் மொழியில் இருக்கட்டும். மரணம் நேர்ந்தால் விசாரணை முடிவு வாரங்களில் வரட்டும். அமைச்சர் பரப்பும் பொய்யும் பொய்யென்றே அழைக்கப்படட்டும்.

அதுவரை, ‘தயக்கம்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும் எழுவாயை ஒருமுறை சரிபார்ப்போம்.