வழக்கு முடிந்தது; படம் முடிந்ததா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது சங்கத்திற்கு ஓர் அம்மா வந்தார். நெல்லைப் பக்கத்திலிருந்து வந்து, மும்பையில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஒரு திருட்டு வழக்கில் 2023ல் போலீசார் ஐந்து பேரைப் பிடித்தபோது அவருடைய மகனையும் சேர்த்துப் பிடித்தார்கள். பிறகு நீதிமன்றம் அவனைக் குற்றமற்றவன் என்று விடுதலை செய்துவிட்டது. தீர்ப்பின் நகலை மேசைமேல் வைத்துவிட்டு அந்த அம்மா கேட்டார்:

"கேசு முடிஞ்சு போச்சுன்னு வக்கீல் சொல்லுதாரு அண்ணாச்சி. அன்னைக்கு ஸ்டேஷன்ல புடிச்ச போட்டா இப்ப எங்க இருக்கு?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

அன்று நடந்தது இது. பையனைச் சுவரோரம் நிறுத்தினார்கள். பெயரும் வழக்கு எண்ணும் எழுதிய பலகையைக் கையில் கொடுத்து, முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் இரண்டு என்று படம் பிடித்தார்கள். இது பிரான்சில் பெர்ட்டியோன் என்ற போலீஸ் அதிகாரி 1880களில் வகுத்த முறை. உலகமெங்கும் இன்றும் ஏறக்குறைய அதுதான். இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதன்பின் இன்னொரு காவலர் தன் சொந்த செல்போனில் அதே கோலத்தில் ஒரு படம் எடுத்தார். இருட்டுவதற்குள் அது வட்டார வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. மறுநாள் கடை முதலாளி, "நீ இனி வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். விசாரணையே தொடங்கவில்லை, தண்டனை தொடங்கிவிட்டது!

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளையர் காலத்துக் கைதிகள் அடையாளச் சட்டம் 1920ல் வந்தது. அதன் மூல வாசகப்படி, தண்டனை பெறாதவரைப் படம் பிடிக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். 2022ல் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டுக் குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது அந்த ஆண்டு ஆகஸ்ட் 4 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்படி எந்தக் குற்றத்திற்காகக் கைதானாலும் படம், கைரேகை, கண்விழிப் பதிவு எல்லாம் எடுக்கலாம். மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவையில்லை. தலைமைக் காவலர் கேட்டாலே போதும். மறுத்தால் அதுவே குற்றம். எடுத்தவை டில்லியில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தில் 75 ஆண்டுகள் இருக்கும். இருபது வயதில் எடுத்த படம் தொண்ணூற்றைந்து வயது வரை!

ரேகைக்கும் பதிவேட்டிற்கும் நம்மவர் கொடுத்த விலை கொஞ்சமல்ல. உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஒரு பெண் உட்படப் பலர் மாண்டார்கள். குற்றம் செய்யாதவனையும் குற்றவாளிப் பட்டியலில் வைக்காதே என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தச் சட்டம் 1952ல் ஒழிந்தது. அந்தக் கேள்வி ஒழியவில்லை.

போலீசார் படமே எடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆள்மாறாட்டத்தைத் தடுக்கவும், தப்பியவனைப் பிடிக்கவும் படம் வேண்டும். நம் வீட்டில் திருடு போனால் நாமும் அதைத்தான் கேட்போம். ஆனால் ஆவணத்திற்கு எடுப்பது வேறு, அவமானப்படுத்த எடுப்பது வேறு. கைதானவர்களைப் பத்திரிகையாளர் முன் காட்சிப் பொருளாக நிறுத்தக்கூடாது என்று மத்திய உள்துறை அமைச்சகமே 2010ல் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது. படம் வெளியே போனால் வழக்கும் கெடும். சாட்சி முன்பே படத்தைப் பார்த்துவிட்டால், அடையாள அணிவகுப்பில் அவர் காட்டுவது தான் கண்ட ஆளையா, செல்போனில் பார்த்த முகத்தையா?

அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். முன் தண்டனை இல்லாத ஒருவர் விடுதலையானால், மேல்முறையீடுகளும் முடிந்தபின், அந்தப் பதிவுகளை அழிக்க வேண்டும் என்று அதே 2022 சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் காரணம் எழுதி வேறு உத்தரவிட்டால் மட்டுமே வைத்திருக்கலாம். ஆனால் விதிகளின்படி, அழிக்கச் சொல்லும் கோரிக்கை மாநில அரசு நியமித்த நோடல் ஆபீசருக்குப் போகவேண்டும். கேட்காதவன் படம் அப்படியே கிடக்கும். நான் ரயில்வே அலுவலகத்தில் ஃபைல் கட்டுகிறவன். ஒரு காகிதம் ஃபைலுக்குள் போக ஒரு நிமிஷம் போதும். வெளியே வர ஓர் ஆர்டர் வேண்டும். அந்த ஆர்டரைக் கேட்க மராத்தி எழுதத் தெரியாத பாத்திரம் தேய்க்கும் தாய் எங்கே போவாள்?

ஆகவே தோழர்களே, ரேஷன் கார்டுக்கு மனு எழுதித் தருவதுபோல இதையும் நமது சங்கம் தன் வேலையாக எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வீடு சொல்லவேண்டியவை இவை:

ஒன்று, நிலையத்தில் முறைப்படி படமெடுக்கும்போது முரண்டு பிடிக்காதீர்கள். யார் எடுத்தார், எதில் எடுத்தார், எத்தனை மணிக்கு என்பதை நினைவில் வையுங்கள். மாஜிஸ்திரேட் முன் நிறுத்தும்போது சொல்லுங்கள்.

இரண்டு, தடையுத்தரவை மீறியதற்காக மட்டும் பிடித்தால், வேறு குற்றச்சாட்டு இல்லாதவரை, இந்தப் பதிவுகளை எடுக்கக்கூடாது என்று 2022 விதிகள் சொல்கின்றன. ஊர்வலத்திற்கும் மறியலுக்கும் போகிறவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மூன்று, பக்கத்து வீட்டுப் பையனின் படம் உங்கள் செல்போனுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். காவலர் ஒருமுறைதான் அனுப்பினார். மற்றதையெல்லாம் அனுப்பியது நாம்தான்.

நான்கு, விடுதலையானதும் தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு சங்கத்திற்கு வாருங்கள். மனுவை நாம் எழுதுவோம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துவோம்.

அந்த அம்மாவின் மனு போய்விட்டது. பதில் இன்னும் வரவில்லை. வரும்வரை நினைவூட்டு மேல் நினைவூட்டு போய்க்கொண்டே இருக்கும்.