கல்லறை இல்லாதோருக்கும் ஒரு மெழுகுதிரி

இறந்த விசுவாசிகளை நினைவுகூரும் நவம்பர் 2 ஆம் திகதி எமது சேமக்காலைகள் ஒளி பெறுகின்றன. புல் செருக்கி, வெள்ளை பூசி, மலர் சாத்தி, குருவானவர் கல்லறைகளை மந்திரிக்கும்வரை குடும்பங்கள் காத்து நிற்கின்றன. அழகிய மரபு இது. ஆயினும், சில ஆண்டுகளுக்கு முன் அந்நாளில் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் என் உள்ளத்தை விட்டு அகலவில்லை.

"சுவாமி, என்ர பிள்ளைக்குக் கல்லறை இல்லை. இந்த மெழுகுதிரியை நான் எங்கை கொளுத்திறது?"

2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் கடலோடு போனவர்கள், 2009 இல் முடிவுற்ற போரில் அடக்கம் செய்ய ஆளின்றி விடப்பட்டவர்கள், இருக்கின்றார்களோ இல்லையோ என்றே அறியப்படாதவர்கள் என, இத்தகையோர் இல்லாத பங்கு எம்மிடையே அரிது.

அத்தாய்க்குரிய பதில் எமது திருச்சபையின் வரலாற்றிலேயே உண்டு. தவக்காலத்தில் நாம் உருகிப் பாடும் வியாகுலப் பிரசங்கத்தைத் தந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1742 இல் இறைவனடி சேர்ந்தார். அவர் போலவத்தை ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அங்கு சென்று செபிக்க இன்றும் இயலும். ஆனால், அவருக்கு முன்னோடியாய் 1687 இல் கூலியாளின் கோலத்தில் இந்நாட்டிற்கு வந்து, ஒல்லாந்தரின் கெடுபிடிக்குள் எமது விசுவாசத்தைக் காத்த புனித யோசப் வாஸ் அடிகளாரின் நிலை வேறு. 1711 ஜனவரி 16 இல் கண்டியில் மரித்த அவரின் கல்லறை இருந்த இடத்தை இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. அவரையே திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தினார். இலங்கையின் முதற் புனிதருக்கு அறியப்பட்ட கல்லறை இல்லை!

1544 இல் மன்னாரில் விசுவாசத்திற்காக உயிர் ஈந்தோரையும் எண்ணிப் பாருங்கள். தோட்டவெளியில் நாம் வணங்கி நினைவுகூரும் அம்மறைசாட்சிகளுள் பெரும்பாலானோரின் பெயர்கூட எமக்குத் தெரியாது. இறைவனுக்கோ அவர்களில் ஒருவரும் பெயரற்றவர் அல்லர்.

கல்லறை எமது நினைவுக்கு வேண்டும். இறைவனின் நினைவுக்கு அது வேண்டியதில்லை. இதற்காகக் கல்லறைகளைப் பேணுவது வீண் என்று நான் கூறவில்லை. அடக்கம் செய்யப்பட்ட உடல் உயிர்த்தெழும் என்பதே எமது விசுவாசம். எனினும், சலவைக்கல்லிலும் பெயர்ப்பலகையிலும் ஒருவரையொருவர் விஞ்ச முயலும்போது, வெறுங்கையோடு மதிலோரம் நிற்கும் ஒரு குடும்பத்தை நாம் காணத் தவறிவிடுகின்றோம்.

அன்று அத்தாயைச் சேமக்காலையின் நடுவேயுள்ள பெரிய சிலுவையடிக்கு அழைத்துச் சென்றேன். தன் மகனின் பெயரை மும்முறை சொல்லி, அங்கே அவர் மெழுகுதிரியை ஏற்றினார். ஒவ்வொரு பங்கிலும் கல்லறைகளை மந்திரிக்கத் தொடங்குமுன், பங்கு மக்கள் அனைவரும் முதலில் அச்சிலுவையடியில் கூடலாகாதா? கல்லறை இல்லாதோரின் பெயர்களை வாசித்து மன்றாடலாகாதா? இருக்கின்றாரோ எனக் காத்திருப்போரின் உறவுகளை மரித்தோர் பட்டியலில் சேர்க்காது, அவர்களுக்கெனத் தனியே ஒரு மன்றாட்டை ஒப்புக்கொடுக்கலாகாதா?

இவ்வாண்டு சேமக்காலைக்குச் செல்லும்போது மெழுகுதிரி ஒன்றைக் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். அது உங்கள் குடும்பத்திற்கானதல்ல, சிலுவையடிக்கானது.